ஜக்கின் கைப்பிடியில் ஓர் இலை

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வெல்டர் அந்தக் கண்காட்சிக்குக் கிளம்பிப் போகவில்லை. அவர் தரப்பில் சொல்வதற்கு இருப்பது இந்த ஒன்றுதான், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். மற்றபடி அந்த மூன்று நாளும் அவர் அடித்த கூத்துக்குச் சாக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஆரம்பித்தது ஒரு படிவத்தில். கைவினைக் கண்காட்சி நடத்துகிறவர்கள் கண்டிப்பாக ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். பொருளைச் செய்தவரே மேசையில் உட்கார்ந்து விற்க வேண்டும், வாங்கி விற்கிறவர்களுக்கு இடம் கிடையாது. படிவத்தில் 'செய்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்துக்குரிய ஆள் அப்போது வீட்டின் பின்பக்கத்தில், முழங்கை வரை களிமண்ணோடு, சக்கரத்தின் முன்னால் குந்தியிருந்தான். வெல்டரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. நாற்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகவில்லை, நாலு பேர் நிற்கிற இடத்தில் ஐந்தாவதாகப் போய் நிற்க மாட்டான்.

"மாப்ள, அங்க வந்து மூணு நாள் ஜனங்ககிட்ட பேசுவியா நீ?"

"எனக்கு எதுக்கு மாமா அதெல்லாம்."

"அப்ப என் பேர்ல போட்டுடறேன். சும்மா ஒரு வசதிக்கு."

"சரி மாமா."

அவ்வளவுதான் பேச்சு. வெல்டர் பேனாவை எடுத்தார், கட்டத்தை நிரப்பினார், கையெழுத்தும் போட்டார். இரண்டு வாரத்தில் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை தபாலில் வந்தது. 'செய்தவர்' என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

அந்தக் குடும்பத்தில் மைத்துனனுக்கு வேறொரு பெயர் உண்டு. கொட்டாவி. வைத்தது வெல்டர்தான். வெல்டர் முப்பது வருஷம் இரும்பு கேட்களும் ஜன்னல் கம்பிகளும் செய்து கொடுத்தவர், பட்டறையில் எந்நேரமும் தீப்பொறி பறக்கும். மைத்துனன் அங்கே கூடமாட வேலை செய்துகொண்டிருந்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், இரும்பைத் தேய்க்கிற கிரைண்டிங் மெஷினில் அவனுடைய இடது கைக் கட்டைவிரல் மேல் கணுவோடு போய்விட்டது. வேலை நடுவே கொட்டாவி விட்டான், கை நழுவிவிட்டது என்று வெல்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. விசேஷத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள்கூட "எங்கப்பா கொட்டாவி?" என்றுதான் கேட்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே வருவான், இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டபடி.

விரல் போன பிறகு அவன் பட்டறைப் பக்கம் போகவில்லை. அக்கா வீட்டுப் பின்னறையில் படுத்துக்கொண்டு, கடைக்குப் போவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது என்று ஏதாவது செய்வான். தண்டச்சோறு என்று வெல்டர் நேராகச் சொன்னதில்லை. சாப்பாட்டுத் தட்டு சத்தமாக வைக்கப்படும்போது அவனுக்கே புரிந்துவிடும்.

பிறகு ஒரு பள்ளிக்கூடம் சூளை ஒன்று செய்து தரச் சொல்லி வெல்டரிடம் கேட்டது. இரும்புச் சட்டம் கட்டி, உள்ளே சூட்டைத் தாங்கும் செங்கல் பதித்து, காஸ் அடுப்பு பொருத்தி அவர் அருமையாகத்தான் செய்தார். பள்ளிக்கூடம் கை விரித்துவிட்டது. முற்றத்தில் அது ஒரு வருஷம் துணி மூடிக் கிடந்தது. அந்தச் சூளைக்குள் முதலில் தீ வைத்தவன் கொட்டாவி. எங்கே படித்தான், யாரைக் கேட்டான் என்று யாருக்கும் தெரியாது. முதல் வருஷம் போட்டதெல்லாம் வெடித்தது. இரண்டாவது வருஷம் கோணியது. மூன்றாவது வருஷம் அவன் செய்த தண்ணீர் ஜக்கைக் கையில் எடுத்த அக்கா, இன்னொரு தடவை ஊற்றிப் பார்த்தாள், பிறகு இன்னொரு தடவை. ஊற்றி நிமிர்த்தினால் மூக்கில் ஒரு சொட்டு நிற்காது, கீழே ஒரு சொட்டு வழியாது. காலியாக இருக்கும்போது கையில் எடையே தெரியாது.

வெல்டரும் செய்யாமல் இல்லை. சூளை செய்தவருக்குச் சட்டி செய்ய வராதா என்று அவரும் உட்கார்ந்து ஏழு பேனாத் தாங்கிகள் செய்தார். ஒன்றை எடுத்து நாயை அடித்தால் நாய் செத்துவிடும்.

கண்காட்சி ஒரு நீண்ட மண்டபத்தில். உயரத்தில் ஜன்னல்கள், கீழே வரிசையாக மடக்கு மேசைகள், எல்லாவற்றின் மேலும் ஒரே நிறத்தில் துணி. வெல்டரின் மேசைக்கு ஒரு பக்கம் மெழுகுவர்த்திக்காரர், மறுபக்கம் சுவரில் தீயணைப்பு உருளை. சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் நாற்பது ஜக்குகள் முன்னால் நின்றன. பேனாத் தாங்கிகள் ஓரமாக நின்றன. பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, விற்றதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பது மனைவியின் வேலை.

முதல் நாள் பதினோரு மணிக்கு ஒரு தம்பதி வந்து நின்றார்கள். கணவர் ஜக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நீங்களே செஞ்சதா?" என்றார்.

இந்தக் கேள்வியை முப்பது வருஷத்தில் வெல்டரிடம் யாரும் கேட்டதில்லை. கேட் செய்யச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் கேட்டது எப்போது தருவாய், ஏன் இவ்வளவு விலை, பெயிண்ட் ஏன் சரியில்லை. இங்கே ஒரு மனிதர் ஜக்கைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, மரியாதையாக அவர் முகத்தைப் பார்க்கிறார். கழுத்தில் அட்டை வேறு தொங்குகிறது.

"ஆமாங்க" என்றார் வெல்டர்.

நாக்கில் அது இனித்தது. மத்தியானத்துக்குள் ஆறு பேரிடம் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் "மண்ணு சொல்றபடி கை போகணும்" என்றெல்லாம் அள்ளி விட ஆரம்பித்தார். மண் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது ஓரத்தில் இருந்த பேனாத் தாங்கிகளைப் பார்த்த யாருக்கும் தெரியும். நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை.

இலை விஷயம் அன்றைக்கே வந்துவிட்டது. ஜக்கின் கைப்பிடி உச்சியில், பிடிக்கிறவர் கட்டைவிரல் வைப்பதற்கென்று ஒரு சின்னக் குழி இருக்கும். ஒரு பெண் அதில் விரல் வைத்தாள், எடுத்தாள், குனிந்து பார்த்தாள். "உள்ள குட்டியா ஒரு இலை இருக்கே. எல்லாத்துலயும் இருக்கு. இது என்னங்க?"

குழிக்குள் நடுவே ஒரு கோடு, இரண்டு பக்கமும் மூன்று மூன்று சாய்ந்த கோடுகள், பூச்சு தேங்கி அந்த இடம் மட்டும் கருத்திருக்கும். வெல்டர் அதை முன்பே பார்த்திருந்தார். மைத்துனன் ஏதாவது அச்சு வைத்து அமுக்குகிறான் போல என்று நினைத்தாரே தவிரக் கேட்டதில்லை. இப்போது அவள் கேட்கிறாள், செய்தவருக்குத் தெரியாமல் போகுமா?

"அதுவா, எங்கம்மா வாசல்ல ஒரு செடி வெச்சிருந்தாங்க. அதோட இலை. ஒவ்வொரு ஜக்குலயும் ஒண்ணு பதிச்சுடுவேன். அம்மா ஞாபகமா."

அந்தப் பெண் இரண்டு வாங்கினாள். அதற்குப் பிறகு செடி கிடுகிடுவென்று வளர்ந்தது. இரண்டாம் நாள் காலையில் அம்மா அதற்குத் தினம் தண்ணீர் ஊற்றினாள். மத்தியானம் அம்மா படுத்த படுக்கையானாள். சாயங்காலம் கடைசி மூச்சில் "செடிக்குத் தண்ணி ஊத்தினியாடா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று ஜக்குகளை எடுத்து வைத்தார்.

மெழுகுவர்த்திக்காரர் தலையைச் சாய்த்து, "அண்ணே, நாளைக்கு எனக்கும் ஒரு செடி குடுங்க" என்றார்.

மனைவி சுற்றிக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தாள். கூட்டம் குறைந்ததும், "உங்கம்மா செடி வெச்சு நான் பாத்ததே இல்ல. பக்கத்து வீட்டுச் செடியத்தான் கிள்ளிட்டு வருவாங்க" என்றாள்.

"வியாபாரம்னா நாலு வார்த்தை இருக்கும்."

"என் தம்பி காதுல விழுந்தா?"

"அவன் எங்க இங்க வரப் போறான்."

அவள் செய்தித்தாளை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "வாய் கூசலையா உங்களுக்கு?" என்றாள். கூசவில்லை. அதுதான் விஷயம்.

இரண்டாம் நாள் முடிவில் மேசையில் மூன்று ஜக்குகள் மிஞ்சின. கொடி கட்டிப் பறக்கிற வியாபாரம். வெல்டர் வீட்டுக்குப் போன் போட்டு, மைத்துனனிடம் சூளையிலிருந்து எடுத்த புதுசையெல்லாம் நாளை மத்தியானத்துக்குள் பஸ்ஸில் கொண்டுவரச் சொன்னார். அவன் வந்து கொடுத்துவிட்டு உடனே போய்விடுவான் என்பது அவர் கணக்கு. அவன் வருகிற நேரத்தில் தன் வாய் சும்மா இருக்குமா என்பதை அவர் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் பன்னிரண்டு மணிக்கு, ஒட்ட வெட்டிய நரைத்த தலையோடு ஓர் அம்மாள் வந்தார். மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கியது. நகக் கண்களில் காய்ந்த மண் இருந்தது. வெல்டர் பார்த்திருந்தால் உஷாராகியிருப்பார். அந்த அம்மாள் தன் பாட்டிலிலிருந்து ஜக்கில் தண்ணீரை ஊற்றினார், ஜக்கிலிருந்து திரும்பப் பாட்டிலில் ஊற்றினார், மூக்கின் அடியில் விரலால் தடவிப் பார்த்தார். விரல் நனையவில்லை. பிறகு கவிழ்த்துப் பார்த்தார். கடைசியில் கைப்பிடிக்கு வந்தார்.

"இந்தக் கைப்பிடி யார் போட்டது?"

"நான்தாங்க."

"மண்ணை இழுத்து நீட்டிப் போட்டதா, உருட்டிப் போட்டதா?"

வெல்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "ரெண்டுந்தாங்க" என்றார்.

அந்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கி மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். "இந்தக் குழியில இருக்கறது?"

தெரிந்த பாதை வந்துவிட்டது. வெல்டர் உற்சாகமாகச் செடியில் ஏறினார். வாசல், அம்மா, தண்ணீர், படுக்கை, கடைசி மூச்சு, ஒன்றையும் விடவில்லை. "செடிக்குத் தண்ணி ஊத்தினியாடா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது, அந்த அம்மாளுக்கு இரண்டடி பின்னால், அட்டைப் பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு மைத்துனன் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெல்டர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த அம்மாள் எதையும் கவனிக்காமல் பேசினார். "நான் ஒரு கைத்தொழில் பள்ளிக்கூடம் நடத்தறேன். மண் வேலைதான். பிள்ளைங்க சட்டி நல்லா செய்யறாங்க, கைப்பிடி போட்டா காயறப்ப விட்டுப் போயிடுது. சொல்லிக் குடுக்க ஆள் தேடிட்டிருக்கேன். இந்தக் கைப்பிடி போட்ட கை எனக்கு வேணும். வாரத்துல ரெண்டு நாள் வந்தா போதும், சம்பளம் உண்டு. யோசிச்சு வைங்க. நாலு மணிக்கு வந்து கேட்டுக்கறேன்."

பிறகு திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். "புதுசா வந்திருக்கா? ஒண்ணு எடுங்க தம்பி, பாப்போம்."

பெட்டி வலது கையில் கனத்துக்கொண்டிருந்தது. அதனால் அவன் இடது கையை உள்ளே விட்டு, ஒரு ஜக்கைக் கைப்பிடியோடு பிடித்து வெளியே எடுத்து நீட்டினான். வெளியிடத்தில் அந்தக் கையை அவன் நீட்டி யாரும் பார்த்ததில்லை. பாதி விரல் குழிக்குள் போய் மூடி பொருந்துகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. ஜக்கை அந்த அம்மாள் வாங்கிக்கொண்டதும் விரல் மட்டும் காற்றில் மிஞ்சியது. நகம் இல்லை, ரேகை இல்லை. முனையில் தையல் போட்ட தழும்பு. நடுவே ஒரு கோடு, இரண்டு பக்கமும் மூன்று மூன்று சாய்ந்த கோடுகள்.

வெல்டர் அந்த விரலை அன்றைக்குத்தான் பார்த்தார். ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில் பன்னிரண்டு வருஷம். அந்தக் கை வருகிறபோது கண்ணை எடுத்துவிடுவது அவருக்குப் பழகிப் போயிருந்தது, மூச்சு விடுகிற மாதிரி. இப்போது எடுக்க முடியவில்லை.

"இந்த இலை உங்க வீட்டுச் செடியோடதாமே" என்றார் அந்த அம்மாள் அவனிடம், ஜக்கின் மூக்கைப் பார்த்தபடி.

அவன் மாமாவை ஒரு தரம் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் வெல்டர் தாங்கியிருப்பார்.

"ஆமாங்க" என்றான்.

"செடி இன்னும் இருக்கா?"

"இருக்குங்க. நல்லாருக்கு."

கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். அந்த அம்மாள் போய்விட்டார். அவன் பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, முகம் கழுவிவிட்டு வருவதாக அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

வெல்டருக்கு முதலில் வந்தது பயம். வெட்கம் என்று சொன்னால் அவருக்கு மரியாதையாக இருக்கும், ஆனால் உண்மை அதுவல்ல. கைப்பிடி போடச் சொல்லி அந்தப் பள்ளிக்கூடத்தில் நிற்க வைத்தால் என்ன செய்வது, வேலை அதிகம் என்று தட்டிக் கழித்துவிடலாமா என்றுதான் அவர் மனம் ஓடியது. அப்படிக் கழித்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுக்கொண்டபோதுதான் பதில் வந்து நெஞ்சில் நின்றது. அவனைத் தேடி ஒரு வேலை வந்திருக்கிறது. நாற்பத்து நாலு வயதில், முதல் தடவையாக, அவனுடைய கை வேண்டும் என்று ஒருவர் கேட்டு வந்திருக்கிறார். அந்தக் கையைத்தான் இவர் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அதன் பிறகு வந்த வெட்கம் சாதாரணமாக வரவில்லை. காது மடல் எரிந்தது. சட்டைக்குள் வேர்த்தது. மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேரும் தன்னைப் பார்ப்பதாக ஒரு நினைப்பு. ஒருத்தரும் பார்க்கவில்லை என்பது இன்னும் மோசமாக இருந்தது.

மனைவி சுற்றுவதை நிறுத்தவில்லை. "அவன் 'ஆமாங்க'ன்னு சொன்னதைக் கேட்டீங்க இல்ல" என்றாள், அவ்வளவுதான்.

இரண்டு மணிக்கு ஓர் இளம் தம்பதி வந்து குழியில் விரல் வைத்தார்கள். இலை என்ன என்று கேட்டார்கள். வெல்டர் "அது... அது வந்து..." என்று இழுத்தார். அவர் தடுமாறுவதைப் பார்த்த மெழுகுவர்த்திக்காரர், பாவம், உதவிக்கு வந்தார். "அது அவங்கம்மா வெச்ச செடிங்க. சொன்னா அழுதுடுவாரு, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்து, கடைசி மூச்சு வரை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். தம்பதி வெல்டரின் கையைத் தொட்டு ஆறுதல் சொல்லிவிட்டு ஒரு ஜக் வாங்கிக்கொண்டு போனார்கள். அப்போது மைத்துனன் திரும்பி வந்திருந்தான். அந்த ஜக்கைச் சுற்றிக் கொடுத்தவன் அவன்தான்.

நாலு மணிக்கு அந்த அம்மாள் சொன்னபடி வந்தார். வெல்டர் எழுந்து நின்றார். கழுத்து அட்டையைக் கழற்ற நினைத்தார், கயிறு காதில் மாட்டிக்கொண்டது, இழுத்ததில் அவர் போட்டிருந்த மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. மானமாக ஒப்புக்கொள்ளக்கூட அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. கண்ணாடியைக் குனிந்து எடுத்துக்கொண்டே, மேசைத் துணியைப் பார்த்துச் சொன்னார்.

"இத நான் செய்யலீங்க. எல்லாமே இவன் செஞ்சது. எனக்குக் கைப்பிடி போடத் தெரியாது."

"தெரியும்" என்றார் அந்த அம்மாள். "இழுத்தா உருட்டியான்னு கேட்டதுக்கு ரெண்டும்னீங்களே, அப்பவே தெரிஞ்சுது. நீங்களா சொல்றீங்களான்னுதான் நாலு மணி வரைக்கும் விட்டேன்."

மெழுகுவர்த்திக்காரர் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அந்த அம்மாள் மைத்துனன் பக்கம் திரும்பி, "வர்றீங்களா?" என்றார்.

"எனக்குப் பேச வராதுங்க."

"கைப்பிடிக்குப் பேச்சு எதுக்கு. செஞ்சு காட்டினா போதும்." பிறகு ஜக்கைத் தொட்டு, "அப்ப இந்த இலை?" என்றார்.

மைத்துனனே கையைப் பாக்கெட்டிலிருந்து பாதி எடுத்துக் காட்டினான். "என் விரலுங்க. நகம் இல்லாததால மண்ணு கிழியாது. அமுக்கினா நல்லா ஒட்டும். அதான் இதுலயே அமுக்கறது."

அந்த அம்மாள் முகத்தில் பரிதாபம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலையும் குழியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அதான் விளிம்பு இவ்வளவு வழுவழுன்னு இருக்கு. நாங்க ஸ்பூனை வெச்சு அமுக்கறோம், வர மாட்டேங்குது" என்றார். போகிறபோக்கில் கேட்டார். "எப்படிப் போச்சு?"

"மாமா பட்டறையில வேலை செஞ்சப்ப. மெஷின் ஓடும்போது கொட்டாவி விட்டுட்டேங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சொந்தக்காரர்கள் நடுவே சிரிக்கிற அதே சிரிப்பு. வெல்டர் பக்கத்தில்தான் நின்றார். ஜக்கை விட்டுக்கொடுத்தவருக்கு அந்தக் கொட்டாவிக் கதையை விட்டுக்கொடுக்க அப்போது மனம் வரவில்லை. அந்த அம்மாள் விலாசம் எழுதிக் கொடுத்து, வருகிற சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டுப் போனார். அவன் அந்தத் துண்டுக் காகிதத்தை நாலைந்து தடவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான், எடுத்துப் பார்த்தான், மறுபடியும் வைத்தான்.

ஐந்து மணிக்கு மேல் கூட்டம் கலைந்தது. மூன்று பேரும் மிச்சத்தைப் பெட்டியில் அடுக்கினார்கள். பேனாத் தாங்கிகள் ஏழும் அப்படியே இருந்தன. மைத்துனன் அவற்றைத்தான் முதலில், உடையக் கூடாது என்பது போல, இரட்டைத் தாளில் சுற்றினான். சுற்றிக்கொண்டே சொன்னான்.

"மாமா, அந்தச் செடிக் கதை எனக்காகத்தானே சொன்னீங்க."

வெல்டர் நிமிர்ந்தார்.

"விரல் விஷயம் வெளியாளுங்களுக்குத் தெரிய வேணாம்னுதானே. மொதல்ல நான் வந்து அந்தக் கதையக் கேட்டப்ப ஒரு மாதிரியாதான் இருந்துச்சு. அப்புறம் புரிஞ்சுது. அந்தம்மாகிட்ட நானே சொல்லிட்டேன், ஒண்ணும் ஆகல. ஆனா நீங்க அப்படி யோசிச்சீங்களே மாமா."

நிஜமாகவே சொன்னான். கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. அவன் முகத்தில் நன்றி இருந்தது. தலையை மட்டும் ஒரு தடவை ஆட்டினால் போதும். ஆட்டினால், மூன்று நாள் சொன்ன பொய்யெல்லாம் ஒரே நிமிஷத்தில் தர்மமாக மாறிவிடும், அவனும் சாகும் வரை அப்படியே நம்புவான். வெல்டரின் தலை ஆடத்தான் பார்த்தது. அதை அவரே உணர்ந்தார். வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக அவர் தன்னை உணர்ந்ததில்லை.

"இல்ல மாப்ள."

"என்ன இல்ல?"

"அது உன் விரல்னே எனக்குத் தெரியாது. அச்சுன்னு நெனச்சேன். இன்னிக்கு நீ ஜக்கை நீட்டினப்பதான் பாத்தேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பன்னெண்டு வருஷமா நான் அந்தக் கையைப் பாக்கல. பாத்தா, மூடி ஞாபகம் வரும்."

"எந்த மூடி?" என்றாள் மனைவி.

அவளுக்கு எப்படித் தெரியும். மெஷினில் சுற்றுகிற டிஸ்க்கைப் பாதி மறைத்தபடி ஒரு தகட்டு மூடி இருக்கும், கை போய்விடாமல் இருக்க. அது இருந்தால் மூலைகளுக்குள் டிஸ்க் நுழையாது, வேலை இழுக்கும். அன்றைக்கு ஒரு கேட்டைச் சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டியிருந்தது. கழட்டிட்டுப் போடு மாப்ள, நான் பாத்துக்கறேன் என்று சொன்னவர் வெல்டர். கழற்றுகிற ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். இவ்வளவையும் அவர் மனைவியிடம் அங்கேயே சொன்னார், அரைகுறையாக, முன்னும் பின்னுமாக. செடிக் கதையை அவ்வளவு கோர்வையாகச் சொன்ன வாய்க்கு இது வரவில்லை.

"அப்ப அவன் கொட்டாவி விடல" என்றாள் அவள்.

"விடல."

அவள் தம்பியைப் பார்த்தாள். "நீ ஏன்டா சொல்லல?"

அவன் பேனாத் தாங்கியைப் பெட்டிக்குள் வைத்தான். "மாமா ஆஸ்பத்திரியில அழுதுட்டிருந்தாரு. அப்ப எப்படிச் சொல்றது. அப்புறம் எல்லாரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, எனக்கே நான் விட்டேனோன்னு ஆயிடுச்சு."

மனைவி கையிலிருந்த செய்தித்தாளைக் கீழே வைத்தாள். அந்தப் பெயரை அவளும்தான் கூப்பிட்டிருக்கிறாள். வீட்டில், தெருவில், சாப்பிட வரச் சொல்லி, சிரித்துக்கொண்டு, பன்னிரண்டு வருஷம். ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இனி வீட்டில் எத்தனை நாளைக்கு அப்படி உட்காருவாள் என்று வெல்டருக்குத் தெரியவில்லை, கேட்கிற தகுதியும் தனக்கு இல்லை என்பது தெரிந்தது.

மண்டபத்தின் அந்தக் கோடியில் யாரோ மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். இடிக்கிற சத்தம் ஒவ்வொன்றாக அருகே வந்தது.

"நாளையிலேருந்து அந்தப் பேரை யாரும்..." என்று வெல்டர் ஆரம்பித்தார்.

"அத விடுங்க மாமா." அவன் இடது கையைத் துண்டில் துடைத்தான். துடைத்துவிட்டு, பாக்கெட்டுக்குள் கொண்டுபோகவில்லை. இருவருக்கும் நடுவே இருந்த காலி மேசையின் மேல், விரல் மேலே தெரிகிற மாதிரி வைத்தான். "பாக்கலன்னு சொன்னீங்க இல்ல. பாருங்க."

வெல்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பார்த்தார். மேசை மடக்குகிறவர்கள் வந்து, "சார், கொஞ்சம் கையை எடுக்கறீங்களா" என்று கேட்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.